ஆள்காட்டி விரல்

"எஃப்ல என்னால முடியாது தம்பி. டி-க்கு இறக்கிருவோம்."

பயிற்சியில் இன்னும் ஒரு வரிகூடப் பாடவில்லை. அதற்குள் ஞானசிகாமணி கிதாரை மடியில் சாய்த்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பதினாறு பேர். முழங்கால் முப்பத்திரண்டு, வலிக்காதது ஒன்பது. ஜெபம் முடிந்ததும் சுகர், பிரஷர் விசாரிப்பு ஒரு சுற்று வந்த பிறகுதான் பாட்டு. நானே, பல் செட் தெறித்துவிடுமோ என்று 'ஸ்தோத்திரம்' வருகிற இடத்திலெல்லாம் வாயை மட்டும் அசைக்கிறவன்.

அதனால் அறுபத்தேழு வயது ஞானசிகாமணிக்கு விரல் வலி என்றால் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் பாட்டு அப்படிப்பட்டது. அசனப் பண்டிகை ஆராதனையில் அவர் மனைவி பியூலா பாடுகிற தனிப்பாட்டு. முப்பது வருஷமாக எஃப் சுருதிதான். கடைசிச் சரணத்தில் குரல் உச்சிக்குப் போகும்போது, வெளியே அசன விருந்துக்குக் கறி கிண்டுகிறவர்கள்கூடக் கரண்டியை நிறுத்துவார்கள்.

"என்ன அண்ணாச்சி, அக்கா பாட்டு எஃப்லதானே?" என்றார் குழுத் தலைவர் பாக்கியசீலன்.

"எஃப் பிடிக்கணும்னா ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்க போட்டு அமுக்கணும். உயிரு போகுது. டி-ன்னா சும்மா மூணு விரலு, லேசா வச்சாப் போதும்."

"டி-ல பாட்டு படுத்துக்கிடுமே?"

"என் விரலு படுத்து மூணு மாசமாச்சு. பாட்டு படுத்தா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். பியூலா சிரிக்கவில்லை.

"மானத்தை வாங்குதீக. வலிக்குன்னா வீட்டுல சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ பச்சைப் பூண்டு திங்கச் சொல்லுவ."

பாக்கியசீலன் பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்தார்.

"இந்தாங்க, கேப்போ. கிதார் கழுத்துல இதை மாட்டிட்டு டி மாதிரியே வாசிங்க. சத்தம் எஃப்ல வரும். உங்களுக்கும் வலிக்காது, அக்காவும் பழைய உசரத்துலயே பாடலாம்."

ஞானசிகாமணி அதைத் தொடக்கூட இல்லை.

"கேப்போ போடுதவன் கிதார்காரனே இல்லை. நாப்பது வருஷமா விரலை நம்பி வாசிச்சவன் நான்."

"மூக்குக்கண்ணாடி மட்டும் போட்டிருக்கீரே?" என்றேன்.

"அது கண்ணுக்குவே."

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மா வருஷத்துக்கு ஒரு பாட்டுப் பாடுகிறாள். இவர் வீம்புக்கு அதையும் கெடுக்க வேண்டுமா?

பாக்கியசீலனுக்கும் பொறுமை போய்விட்டது.

"அப்ப கிதாரே வேண்டாம் அண்ணாச்சி. கீபோர்டை வச்சு எஃப்லயே பாடிக்கிடுதோம்."

கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். மனுஷன் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

"இந்த ஒரு பாட்டை டி-ல வச்சுக்கிடுங்க தம்பி. பண்டிகை முடிஞ்சதும் கிதாரைக் கீழ வச்சிருதேன். அப்புறம் குழுப் பக்கமே வரலை. எழுதித் தரட்டா?"

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மறுவாரமே பயிற்சிக்கு வந்து நின்றவர் இப்படிச் சொன்னதும் பாக்கியசீலன் பியூலா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க என்ன சொல்லுதீக?"

"என்னத்தச் சொல்ல? இவுகளுக்காக இறக்கித்தான் பாடணும். எல்லாம் என் தலையெழுத்து" என்றாள் பியூலா.

பண்டிகையன்று டி-யில் பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. கரண்டிகள் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பந்தியில் பெண்கள் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "உன் வீட்டுக்காரரு விரலால பாட்டு போச்சே பியூலா." அவர் காதில் விழாதது போல, கொலஸ்டிராலையும் மறந்து, இரண்டாம் தடவை கறி வாங்கினார்.

திங்கட்கிழமை காலை, குழுவின் பாட்டு நோட்டுகளைத் திரும்ப வாங்கி வர ஞானசிகாமணி வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிதார் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தேன். அதே பாட்டு. எஃப்! ஆள்காட்டி விரல் ஆறு கம்பியிலும் பாய் விரித்தது போலப் படுத்திருந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

நேரே உள்ளே போனேன். "ஓய், என்னவே இது?"

திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். "பைய பேசும். கதவைச் சாத்தும்."

"ஊரே உம்மைச் சிரிச்சுது. குழுவையும் விட்டுட்டீரு. எதுக்குவே இந்த நாடகம்?"

"அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆச்சுல்லா, அதுல இருந்து குரலு மேல எட்டலை. என்கிட்ட சொல்லலை. குளிக்கும்போது பாடிப் பார்க்கா. அந்த உசரம் வரும்போது குழாயைத் திறந்து விட்டுருதா, எனக்குக் கேட்டுறக் கூடாதுன்னு."

கேப்போவை ஏன் தொடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட மூக்குக்கண்ணாடிக் கேள்வியை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

"சரி, பண்டிகைதான் முடிஞ்சுட்டே. விரலு குணமாயிட்டுன்னு சொல்லிட்டு குழுவுக்கு வாரும்."

"குணமானா அடுத்த வருஷம் எஃப் கேப்பாகவே. பாக்கியசீலன் நோட்டுல டி-ன்னு மாத்தி எழுதிட்டான். அப்படியே இருக்கட்டும்."

"பியூலா எங்க?"

அவர் அவசரமாகக் கிதாரை உறைக்குள் போட்டார்.

"என் விரலுக்கு எண்ணெய் வாங்க சீவலப்பேரி வைத்தியர்கிட்ட போயிருக்கா. பஸ் வர்ற நேரம். நீரு கிளம்பும்வே, நான் விரலுக்குக் கட்டுப் போடணும்."