கேஸ் வந்திருக்கு

கேஸ் ஏஜென்சி வரிசையில் நின்றபடி பிரம்மநாயகம் ரிஃபைனரிப் புகைபோக்கியைப் பார்த்தார். அதன் உச்சியில் நெருப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது.

“நம்ம செம்பூர்லயேதான் கேஸ் எடுக்கான். நம்ம இட்லிக் கடைக்கு ஒரு சிலிண்டர் கிடையாது.”

“சர்க்கார் ஆர்டர் அண்ணாச்சி,” என்றார் பின்னால் நின்ற பிரியாணிக் கடை கரீம் பாட்சா. “வர்ற கேஸ் எல்லாம் வீட்டுக்குத்தானாம். ஹோட்டலுக்கு சப்ளை பந்த்.”

“கடை ஓடினாத்தான பாய் வீட்ல அடுப்பு எரியும்?”

போன் அடித்தது. கடையிலிருந்து மனைவி கோகிலவாணி.

“என்னங்க, சீக்கிரம் வாங்க! கேஸ் வந்திருக்கு!”

“நெசமாவா?”

“ஆமாங்க. ஆபீசரே நேர்ல வந்திருக்காவ.”

“ஆபீசரேவா! உக்கார வச்சு டீ போட்டுக் குடு.”

“டீயா? எதுல போட?” என்று அவள் கத்தும்போதே லைன் அறுந்தது.

“நான் குடுத்த மனு வேலை செஞ்சுட்டு பாய்!”

வரிசையே பொறாமையோடு பார்க்க, ஆட்டோவில் ஏறிப் பறந்தார்.

கடை வாசலில் டெம்போ நின்றது. சிலிண்டரும் இருந்தது. ஆனால் அதை இறக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் வீட்டு அடுப்பிலிருந்து கழற்றி, கோணியில் சுற்றி, அவரே கடைக்குச் சுமந்து வந்த சிவப்பு சிலிண்டர்.

வீட்டு சிலிண்டரைக் கடையில் எரித்தது குற்றம் என்று ஆபீசர் இந்தியில் சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார்.

பிரம்மநாயகம் மனைவியைப் பார்த்தார்.

“கேஸ் வந்திருக்குன்னியே வாணி?”

“ஆமாங்க,” என்றாள் அவள். “நம்ம மேலதான்.”