கை தூக்காத ஆள்

கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் பாதியில் இருக்கும்போது செல்ஃபி தன் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

மாதர் சங்கத் தலைவி பார்த்துவிட்டாள். அதோடு அவள் ஜெபம் நின்றுபோனது. பக்கத்தில் முழங்காலில் இருந்த பாட்டு டீச்சரை முழங்கையால் இடித்தாள்.

"பாத்தீங்களா கூத்தை?"

"பாக்காம? தவக்காலமாவது மண்ணாவது. அது இல்லைன்னா அவருக்கு மூச்சு வராது."

செல்ஃபி என்பது மாதர் சங்கம் வைத்த பெயர். ஆள் போட்டோகிராபர். எந்நேரமும் கையில் போன். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வரும்வரை, விரதமாக, கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தரும் டேட்டாவைப் போடக்கூடாது என்று சொன்னவள் சங்கத் தலைவி. கூட்டத்துக்கு வந்தவர்களில் சாமியார் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். இந்த மனுஷன் மட்டும் தூக்கவில்லை. "என்னால முடியாதுக்கா" என்று பல்லைக் காட்டினார்.

இப்போது எழுந்தார். ஆண்கள் பக்கமிருந்து நேரே பெண்கள் பக்கம் வந்தார். குனிந்து, தலைவியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்.

"அக்கா, இதைக் கொஞ்சம்..."

"சீ! இடம் பொருள் தெரியாது? உள்ள வைங்க அதை!"

"இல்லக்கா, உங்க..."

"ஜெபம் முடியட்டும்னேன்!"

முன்வரிசை மொத்தமும் திரும்பியது. செல்ஃபி ஒரு விநாடி நின்றார். பிறகு வெளியே ஓடினார். ஆமாம், ஓடினார்.

ஜெபம் முடிந்ததும் வாசலில் கூடி, இல்லாத ஆளை வறுத்தெடுத்தார்கள்.

"ரீல்ஸ் காட்ட வந்திருப்பார்."

"மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு, வைஃபை பாஸ்வேர்டு என்னன்னுதான் கேப்பார்."

தலைவி கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். செல்ஃபி கூப்பிட்டிருந்தார். சத்தம் அணைத்திருந்ததால் கேட்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான். கேக்கட்டும், நாளைக்கு."

வீட்டுக்கு வந்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

அம்மாவுக்கு ஏற்கெனவே வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எழுந்து கதவைத் திறக்க முடியாது என்பதால், தாழ் போடாமல் சும்மா சாத்திவிட்டுத்தான் தலைவி வெளியே போவாள்.

கட்டில் காலி. போர்வை தரையில். சொம்பு உருண்டு தண்ணீர் சுவர்வரை ஓடியிருந்தது.

"அம்மா!"

பேச முடியாதவள் பதில் சொல்லவா போகிறாள்? சமையலறை. குளியலறை. பின்வாசல். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு துளி ரத்தம்.

யாரைக் கேட்பது? எங்கே தேடுவது?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'இல்லக்கா, உங்க...'

உங்க என்ன?

செல்ஃபியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. டேட்டாவைப் போட்டாள்.

போன் அதிர்ந்தது. விடாமல் அதிர்ந்தது. அம்மா. அம்மா. அம்மா. வரிசையாக அம்மாவின் அழைப்புகள். எல்லாம் வாட்ஸ்அப்பில்.

"எதுன்னாலும் ஒரு மிஸ்டு கால் குடும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மாவும் கொடுத்திருக்கிறாள், தனக்குத் தெரிந்த வழியில். வாட்ஸ்அப்பில் மகளின் படத்தைத் தொட்டால் மகள் வருவாள், அதுதான் அம்மாவுக்குத் தெரியும். டேட்டாவை அணைத்த போனில் அது மணியடிக்காது என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்?

மகள் வராமல் போகவே கோயில் குழுவில் ஒரு குரல் பதிவு. தலைவி காதில் வைத்தாள். வார்த்தை இல்லை. முனகல். மூச்சு. மறுபடி முனகல்.

குழுவில் கை தூக்கியவர்கள் எல்லோரும் விரதம். அடியில் ஒரே ஒருவரின் பதில், செல்ஃபியுடையது. 'பயப்படாதீங்கம்மா. வந்துட்டே இருக்கேன்.' அதற்கும் கீழே, 'பெரியாஸ்பத்திரி போறோம்.'

ஆஸ்பத்திரிக்குள் அவள் எப்படிப் போய் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. வராந்தா பெஞ்சில் செல்ஃபி உட்கார்ந்திருந்தார். சட்டைத் தோளில் ரத்தக்கறை.

"எங்க? எங்க அம்மா?"

"உள்ளதான். கட்டில்லேர்ந்து விழுந்துட்டாங்க. தலையில தையல் போட்டாச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்லையாம். தூங்கறாங்க. முதல்ல உக்காருங்க. உங்க காலைப் பாருங்க, செருப்புகூட இல்லாம."

உட்காரவில்லை. கை கூப்பினாள்.

"அத்தனை பேர் முன்னால உங்களை நான்..."

"அட விடுங்கக்கா. நானும் பட்டுன்னு சொல்லியிருக்கணும். அந்த முனகலைக் கேட்டதும் எனக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு."

அவர் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தார்.

"மாடி வீட்டு ஐயாவுக்கு சுகர் மாத்திரை தீந்துபோச்சாம். மார்க்கெட் தெரு அம்மா வேற காலையிலேர்ந்து குழுவில ஒரு வார்த்தை போடலை. தனி ஆள். அங்கயும் எட்டிப் பாக்கணும்."

"தினமுமா?"

"பின்ன? வீட்டோட கெடக்கிற பெரியவங்க குழுவில போடறதை முன்ன நீங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பாத்தீங்க. இப்ப ராத்திரி பகலாப் பாக்க யார் இருக்கா?"

செல்ஃபி எழுந்தார். சிவந்து கிடந்த கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ஈஸ்டர் அன்னிக்கு மறக்காம எல்லாரும் டேட்டாவைப் போட்டுடுங்கக்கா. நான் இந்தச் சனியனை அணைச்சுத் தூரப் போட்டுட்டு, ஒரே ஒரு தூக்கம் தூங்கணும்."