விளக்குக்குக்கூட உறை

"சக்கரை, ரத்தக் கொதிப்பு, மஞ்சக்காமாலை, வேற ஏதாச்சும் பெரிய வியாதி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே லமுனு கையுறையை மாட்டினாள். பதில் வருவதற்குள் இரண்டாவது கையும் உறைக்குள் போய்விட்டது.

"ஒண்ணும் இல்ல," என்றான் கோமகெச். பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. வீங்கிய கன்னத்தைத் தடவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டான். உகாண்டாவின் கூலு நகரத்தில் வேறு பல் மருத்துவரா இல்லை? லமுனுதான் விடவில்லை. "நான் வேலை பாக்குற இடத்தை விட்டுட்டு என் மாப்பிள்ளை வேற எங்கயோ போய்ப் பல்லைப் புடுங்குனா ஊரே சிரிக்கும்" என்று இழுத்து வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை கல்யாணம். பெண் வீட்டுக்குப் பரிசமாகப் பசுக்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

"கன்னத்துல மாங்காயை ஒளிச்சு வெச்சுக்கிட்டு சர்ச்சுல வந்து நின்னேன்னு வை, எங்கப்பா மாட்டையெல்லாம் திருப்பி ஓட்டிவிட்டுருவாரு," என்றாள். "கடைவாய்ப் பல்லு, உள்ள புதைஞ்சிருக்கு. குடைஞ்சுதான் எடுக்கணும். டாக்டர் இப்ப வந்துருவாரு."

கோமகெச் சிரித்தான். அவள் அடுத்தடுத்துச் செய்தவற்றைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கழுத்துவரை மூடும் அங்கியைப் போட்டாள். மூக்கையும் வாயையும் துணியால் மூடினாள். அதற்கும் மேலே நெற்றியிலிருந்து தாடைவரை தொங்கும் பிளாஸ்டிக் முகமறைப்பை மாட்டினாள். பிறகு நீலத் தாளை டர் டர்ரென்று கிழித்து நாற்காலிப் பொத்தான், தலைச்சாய்ப்பு, எச்சில் உறிஞ்சும் குழாய், விளக்கின் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். குப்பைக் கூடை முட்ட முட்ட நிறைந்து, மூடி மூடாமல் நின்றது. இடுக்கில் நீலத் தாள் ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது.

கோமகெச் சோளம் அரைக்கிற இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அரைவைச் சக்கரம் சுற்றினால் மாவு எப்படிப் பறக்கும், எங்கெங்கே போய்ப் படியும் என்று அவனுக்குத் தெரியும். பல் குடையும் கருவியும் அப்படித்தான். அது சுற்றுகிற வேகத்தில் எச்சிலும் ரத்தமும் பனிப்புகைபோலக் கிளம்பி, பக்கத்தில் இருப்பவற்றின் மேலெல்லாம் விழும். பொத்தான்களின் இடுக்கைத் துணியால் எவ்வளவு துடைத்தாலும் ஏதாவது மிச்சம் இருக்கும். உறை போட்டிருந்தால் அப்படியே உருவி எறிந்துவிடலாம்.

ஆக, ஒவ்வொரு உறையும் எதைத் தடுக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே புரிந்தது. அவனுடைய ரத்தத்தைத்தான்.

"விளக்குக்குக்கூட எதுக்கு உறை?" என்று கேட்டான்.

"கைப்பிடியைத் தொடுவேன்ல."

"நேத்துவரைக்கும் என்னையே தொட்டுக்கிட்டுத்தான் இருந்த."

"நேத்து உன் வாயில ரத்தம் வரலையே," என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைக் கிழித்தாள்.

நேற்றுத்தான் ஒரே தட்டில் கீரையும் வள்ளிக்கிழங்கும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு யாரோ சொல்லியிருக்க வேண்டும். விஷயம் தெரிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். ஒஜாரா. பள்ளிக்கூட விடுதியில் ஒரே கொசுவலைக்குள் படுத்து வளர்ந்தவன், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகிறவன்.

"ஒஜாரா சொல்லிட்டானா?" என்றான்.

தாளைக் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது. முகமறைப்பில் விளக்கின் வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் அவள் கண்கள் தெரியவில்லை.

"சொல்லியிருக்கான். குடிச்சாக்கூட வாயைத் தொறக்க மாட்டேன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணுனவன்." கோமகெச் எழுந்து உட்கார்ந்தான். "நீயும் லேசுப்பட்டவ இல்ல. ஒண்ணும் தெரியாதவ மாதிரி வியாதி இருக்கான்னு கேக்குற. நான் பொய் சொல்றேனான்னு பாக்குறியா?"

அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். அந்த நிதானம் அவனை இன்னும் கிளறிவிட்டது.

"ஆமா, இருக்கு. ஹெபடைடிஸ் பி, ரத்தத்துல பரவுற அந்த மஞ்சக்காமாலைக் கிருமி. எங்கண்ணன் ஆபரேஷனுக்கு ரத்தம் குடுக்கப் போனப்பவே சொல்லிட்டாங்க. மாடு ஓட்டிட்டு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், போதுமா? ஆஸ்பத்திரி வேலை பாக்குறவ, தடுப்பூசி போட்டிருப்பேன்னு நானா நெனச்சுக்கிட்டேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்கப்புறம் தெரிஞ்சாலும் நீ எங்க போயிருவ?"

"தெரிஞ்சதும் எங்கிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, லமுனு. அதை விட்டுட்டு, குஷ்டரோகியைப் பாக்க வந்தவ மாதிரி மூடிக்கிட்டு நிக்கிற. நான் நம்புன ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கவுத்துட்டீங்க."

லமுனு முகமறைப்பை மெதுவாக மேலே தூக்கினாள். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒஜாரா எங்கிட்ட எதுவுமே சொல்லல," என்றாள். "இந்த நாற்காலியில யார் வந்து உக்காந்தாலும் நான் இப்படித்தான் போடுவேன்."