சோகிச்சியின் கர்ஜனை

"கர்ஜனையா அது? பசியெடுத்த பூனை கத்துற மாதிரி இருக்கு," என்றார் மீன்கடை இவாதாதே. நேற்றைய அனிமே தொடரில் நாயகன் சோகிச்சி மலைப்பாதையில் தனியாக நின்று எதிரிப்படையைத் தடுத்த காட்சியைத்தான் சொன்னார்.

"எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. உங்களுக்குக் காது மந்தம்," என்றாள் மனைவி ஃபுமி.

"சோகிச்சிக்குப் பத்து வருஷமா ஒரே ஆளு குரல் குடுக்குறான். குடிச்சுக் குடிச்சுத் தொண்டை போயிருக்கும். குரலை மாத்தச் சொல்லி நாப்பதாயிரம் பேரு இணையத்துல கையெழுத்துப் போட்டாச்சு. இதோ, நானும் போடுறேன்." கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

"போட்டுப் பாருங்க. இன்னைக்குச் சோறு கிடையாது."

கழுத்தில் கம்பளித் துணியும் முகத்தில் கவசமுமாக ஒரு பெண் கானாங்கெளுத்திக்குக் காத்திருந்தாள். அவள் கூடையில் வெங்காயத்தாளும் குழந்தையின் பள்ளிக் காலணியும் இருந்தன.

"நீங்களே சொல்லுங்கம்மா, அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றார் இவாதாதே.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கவசத்தை இறக்கினாள்.

"என்னைத் தாண்டி ஒருத்தனும் இந்த மலையில ஏற முடியாது!"

அவள் வாயிலிருந்து வந்த பதினாறு வயதுப் பையனின் குரல் கடைத்தெருவை அதிர வைத்தது. எதிர்க்கடையிலிருந்து மூன்று பிள்ளைகள், "சோகிச்சி வந்துட்டான்! சோகிச்சி!" என்று ஓடிவந்து தெருவெல்லாம் அவனைத் தேடினார்கள்.

இவாதாதேயின் கைபேசி பனிக்கட்டிக்குள் விழுந்தது. ஃபுமி அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் குடிக்கிறதே இல்லண்ணே," என்றாள் அந்தப் பெண், கவசத்தை ஏற்றியபடி. "தலையை வெட்டிடுங்க. மீனுக்கு."