தன்மதியின் இரண்டு குரல்கள்

தம்பி மகள் தன்மதிக்கு வேதியியல் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. வழக்கப்படி இரண்டும், அங்கே படித்து முடித்தபின் அவள் எப்படி இருப்பாள் என்று அவளைப்போலவே பேசிக் காட்டும் கணினிக் குரலை வீட்டுக்கு அனுப்பின. குடும்பத்து மூத்தவர் மட்டுமே அதனுடன் பேசலாம். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முதலாவது, எங்கள் வீட்டு ஆண்கள் அனைவரும் படித்த இடம்.

“நல்லா இருக்கேனுங்க பெரியப்பா. நீங்க சொல்றபடியே செய்யறேனுங்க.”

என்ன கேட்டாலும் அதே பதில். மரியாதையான குரல்தான். ஆனால் நேற்றுகூட ஒரு முட்டைத் தோசைக்காக என்னிடம் மல்லுக்கு நின்ற பெண் அதில் இல்லை.

இரண்டாவது, நான் வாய் திறக்குமுன் ஆரம்பித்தது.

“நம்ம சாயப்பட்டறைத் தண்ணியச் சோதிச்சுப் பாத்தேனுங்க பெரியப்பா. ஆத்துல விடற தண்ணியாங்க அது? குடும்ப கௌரவம்னு பேசறீங்க. இதைச் சரி பண்ணாம எனக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாம்.”

என் பட்டறையை இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. பிறகு கதவைத் திறந்தேன்.

“ரெண்டாவதுல நான் என்னங்க சொன்னேன்?”

“என்னையத் திட்டினே.”

அவள் முகம் வாடிவிட்டது. “அப்ப மொத காலேஜ்தானுங்களா?”

“ரெண்டாவதுக்கே போ. தண்ணி விஷயத்த மட்டும் ஊருக்குச் சொல்றதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிப்போடு.”

“எந்தத் தண்ணிங்க?”

“படிச்சுட்டு வந்து நீதான் சொல்லோணும் சாமி” என்றேன்.