மைக்கேல்ராஜின் ஹாட்ஸ்பாட்

காலை 10.41. பதினொரு மணிக்கு ரூபிக்கு ஆன்லைன் தேர்வு. ஓசூரில் ஒரு வேலைக்கானது; தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. நேற்று லேப்டாப் தானாக அப்டேட் ஆகியிருந்தது. அதன்பின் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லை. அவளுடைய பட்டன் போனில் இணையம் இல்லை.

தம்பி ஜாக்சனை அழைத்தாள்.

"பரீட்சைக்கு மொத நாளு அப்டேட் போட்டியாக்கா? நல்லா வெளங்கும். மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

செய்தாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. அவள் கணவன் மைக்கேல்ராஜின் போன் ஹாட்ஸ்பாட். சிக்னல் முழுதாக இருந்தது. ஜாக்சனிடம் சொன்னாள்.

"மாமா வீட்லயா இருக்காரு?"

"ஆறு மணி ஷிப்டுக்கே போயிட்டாருடா."

தொழிற்சாலை இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போனை அணைத்து கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரூபி கேட்டுக்கு அழைத்தாள்.

"போனு என் கையிலதாம்மா இருக்குது. ஆஃப்ல இருக்குது," என்றார் காவலாளி.

"அவரு?"

"உள்ள மெஷின் லைன்ல வேலையில நிக்கிறாரு. கேமராவுல தெரியுதே. கூப்பிடட்டுமா?"

"வேணாங்க."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சிக்னல் ஒரு கோடாகக் குறைந்தது. படுக்கையறைக்குள் வந்ததும் மறுபடி நிறைந்தது. மணி 10.58. கதவைச் சாத்திவிட்டு இணைத்தாள். பாஸ்வேர்ட் கேட்கவில்லை.

திரையில் தேர்வுக் கண்காணிப்பாளரின் முகம் தெளிவாக வந்தது.

"ரூம்ல உங்களத் தவிர வேற யாரும் இல்லைதானே, மேடம்?"