கிளிப்பச்சைப் பட்டு

தடாலென்று சத்தம். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் நின்ற வெள்ளைவெளேர் பொம்மை, கட்டியிருந்த கிளிப்பச்சைப் பட்டோடு சாய்ந்துவிட்டது. கல்யாணப் புடவை எடுக்க வந்த பூங்கோதை காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. "உன் கறுப்புக்குப் பச்சையெல்லாம் எடுக்காதுடி" என்று பெரியம்மா சந்தன நிறத்தையே நீட்டிக்கொண்டிருந்தாள்.

விற்பனையாளர் மாசிலாமணி பொம்மையை நிமிர்த்தவில்லை. புடவையை உருவி, நொடியில் கொசுவம் வைத்துத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். முந்தானையைத் தோளில் போட்டு, முறுக்கு மீசையோடு கையை நீட்டி விரித்துக் காட்டினார். கடையே சிரித்தது. பூங்கோதை சிரிக்கவில்லை. அந்தக் கன்னங்கரிய கையில் பச்சை ஜொலிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"பெரியம்மா, இதையே எடுத்துக்கலாம். இந்த அண்ணனும் என் நிறந்தான்."